கடைசியாக இறங்கியவன்

அண்ணாச்சி, அந்த ஜன்னலோரம் எனக்குத் தருவீங்களா? பஸ்ஸுல வாந்தியெல்லாம் எடுக்க மாட்டேன். கடல் இடது பக்கந்தான் வரும், அதுக்காகக் கேக்கேன். திருச்செந்தூர் தாண்டினா மணப்பாடு, உவரின்னு அங்கங்க தெரியும். ஒரு படகைப் பாக்கணும். பாய்மரப் படகு, வெள்ளைப் பாய். கண்ணுல பட்டா நீங்களும் சொல்லுங்க.

நெஞ்சப் புடிச்சிருக்கேன்னு பயப்படாதீங்க. வலி இல்ல. சட்டைப் பையில ஒரு சாமான் இருக்கு, அதப் புடிச்சிருக்கேன். என்ன சாமான்னு பொறவு சொல்லுதேன். மொதல்ல நான் யாருன்னு சொல்லணும், இல்லன்னா நீங்க என்னையத் தப்பா எடுத்துக்கிடுவீங்க.

பேரு சேசடிமை. தூத்துக்குடியில ஐஸ் சேசடிமைன்னு கேட்டா யாரும் வீட்டைக் காட்டுவாங்க. முப்பத்தி நாலு வருசமா குளுரு வேலை. ஐஸ் பிளாண்ட், மீன் கம்பெனி, கல்யாண மண்டபம், கறிக்கடை ஃப்ரீசர், எல்லாம் பாத்தாச்சு. எங்க ஊரு மாதா பேரே பனிமய மாதா. மண்டை பொளக்குற வெயில் ஊருக்குப் பனி மாதாவ எதுக்குக் கொண்டாந்தாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா என் தொழிலுக்கு அவுகதான் பொறுப்புன்னு நானா முடிவு பண்ணிக்கிட்டேன். இதுவரைக்கும் நான் தொட்டு ஓடாத மிஷின் கெடையாது. இந்தப் படகுல உள்ளதும் ஓடிச்சு. நான் இருந்த வரைக்கும் ஓடிச்சு, அதுதான் பிரச்சினை.

கேப்டன் தியாகேசன்னு ஒருத்தர், நாகப்பட்டினத்துக்காரர். பெரிய பெரிய சரக்குக் கப்பல்ல எல்லாம் இருந்துட்டு ரிட்டயர்டு ஆனவர். ரிட்டயர்டு ஆன மனுசன் என்ன செய்யணும்? பேப்பர் படிக்கணும். இவர் ஒரு பாய்மரப் படகு வாங்கிட்டார். புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருமா கிளம்பி, பாண்டிச்சேரியில இருந்து ஓட்டிக்கிட்டு வந்து நம்ம பழைய துறைமுகத்துல கட்டிப் போட்டிருந்தாங்க. இங்கன இருந்து விழிஞ்ஞம், கொச்சி, லட்சத்தீவு, மாலத்தீவு. நாலு மாசப் பயணம். அந்தம்மா பேரு அபயாம்பாள். சக்கரை வியாதி, இன்சுலின் போடுறவங்க. நாலு மாசத்து மருந்து ஃப்ரிட்ஜுல இருக்கணும். ஃப்ரிட்ஜு ஓடல. என்னையக் கூப்புட்டாங்க.

உங்க வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால கைய வச்சுப் பாத்திருக்கீங்களா? சுடும். உள்ள இருக்கற சூட்டை எடுத்து வெளிய தள்ளுது, ஃப்ரிட்ஜுன்னா அவ்வளவுதான், வேற மாயம் ஒண்ணும் இல்ல. வீட்டுல அந்தச் சூட்டைக் காத்து வாங்கிக்கிடும். படகுக்குள்ள காத்து ஏது, அதுவே ஒரு பொட்டி. அதனால கடல் தண்ணிகிட்ட அந்த வேலையக் குடுத்திருக்காங்க. படகுக்கு அடியில ஒரு ஓட்டை. ஆமா, ஓட்டைதான், வேணும்னே போட்டது. அதுல ஒரு வால்வு. வால்வு தொறந்திருந்தா கடல் தண்ணி உள்ள வரும், ஒரு குட்டி பம்பு அத இழுத்து, கேஸ் போற குழாயச் சுத்தி ஓட விட்டு, சூட்டை ஏத்திக்கிட்டு, படகோட பக்கவாட்டுல வெளிய ஊத்தும். ஊத்துனா ஃப்ரிட்ஜு ஓடுதுன்னு அர்த்தம். ஊத்தலன்னா குழாய்ல சூடேறி மிஷின் தானா நின்னுரும்.

மொத நாள் போனேன். தண்ணி ஊத்தல. வடிகட்டியக் கழட்டினா உள்ள பூராம் பாசி, நடுவுல ஒரு செத்த சாளை மீனு. கழுவிப் போட்டேன், ஊத்திச்சு. அரை மணி நேரத்துல உள்ள குளுந்துட்டு. அந்தம்மா மருந்தையெல்லாம் அடுக்கி வச்சாங்க, எனக்குக் காப்பி குடுத்தாங்க. தரையில உள்ள பலகைய மூடிட்டு எறங்கி வந்துட்டேன்.

படகுல ஏறி எறங்குறதுக்கு எனக்கு ஒரு வரிசை உண்டு, பாத்துக்கிடுங்க. ஏறினா செருப்பைக் கழட்டுவேன், சிலுவை போடுவேன், அடிப்பலகையத் தூக்கி வால்வைத் தொறப்பேன். எறங்கும்போது அதையே திருப்பி. வால்வை மூடுவேன், பலகையப் போடுவேன், சிலுவை, செருப்பு. எந்தப் படகா இருந்தாலும் அப்படித்தான். கரையில கெடக்குற விசைப்படகுல ராத்திரி யாரு இருப்பா? எல்லாவனும் வீட்டுக்குப் போயிருவான். கடைசியா எறங்குற ஆள் அடி வால்வை மூடணும். அது கடலோரச் சட்டம். எழுதி வைக்கல, ஆனா சட்டம்.

பதினோரு வருசத்துக்கு முன்னால என் மச்சானோட படகு ஒண்ணு கட்டின எடத்துலயே முங்கிட்டு. காலையில போய்ப் பாத்தா கொடிக்கம்பு மட்டும் தெரியுது. அன்னைக்கு அதுல கடைசியா வேலை பாத்து எறங்குனது நான். வால்வு தொறந்து கெடந்துச்சுன்னு முங்கிப் பாத்தவன் சொன்னான். நான் மூடினேன். மூடினேன்னுதான் நெனைக்கேன். மச்சான் ஒண்ணும் சொல்லல. இன்னை வரைக்கும் ஒண்ணும் சொல்லல, அதான் கஷ்டமே. கோயில்ல நான் உக்காந்த பக்கம் உக்கார மாட்டான். அன்னையில இருந்து நான் வால்வை மூடாம எந்தப் படகையும் விட்டு எறங்குனது கெடையாது. அத மட்டும் யாரும் என்னையச் சொல்ல முடியாது.

எங்க விட்டேன்? ஆமா. மொத நாள் சாயங்காலம் கேப்டன் போன் போடுறார். தண்ணி நின்னு போச்சு, ஃப்ரிட்ஜும் நின்னு போச்சு. மறுநாள் காலையில ஓடுனேன். ஏறினேன், செருப்பு, சிலுவை, பலகை. மிஷினைப் போடுங்கன்னேன். ஜம்முனு ஓடுது. கேப்டன் என்னையப் பாக்கார், நான் கேப்டனைப் பாக்கேன். பேட்டரியில கரண்டு கம்மியா இருந்திருக்கும்னு சொல்லி வயரையெல்லாம் உரசிப் போட்டுட்டு வந்தேன். சாயங்காலம் போன்.

மூணாம் நாள் போனேன், ஓடிச்சு. கேஸ் அளவு கூடிப்போச்சுன்னு சொல்லி எடுத்தேன். சாயங்காலம் போன். நாலாம் நாள் போனேன், ஓடிச்சு. சொறி முட்டை, அதான் இந்த ஜெல்லி மீனு, வந்து ஓட்டையில ஒட்டிக்கிட்டு ராத்திரி விலகிப் போயிருதுன்னு சொன்னேன். அப்படி நடக்கும், நடக்காமலில்ல. ஒரு முத்துக்குளிக்கிற ஆளை எறக்கிவிட்டு அடியில தேய்க்கச் சொன்னேன். சாயங்காலம் போன். பம்புக்குள்ள ரப்பர்ல ஒரு சக்கரம் இருக்கும். தண்ணி இல்லாம சுத்துனா பிஞ்சு போவும். ரெண்டு தடவ பிஞ்சது, ரெண்டு தடவையும் நான்தான் மாத்தினேன். ரப்பர் மட்டம்னேன். இப்ப நெனைச்சா அந்த ரப்பர் பாவம்.

கேப்டன் கோவப்படுற மனுசன் இல்ல. கையப் பின்னால கட்டிக்கிட்டு நிப்பார். முப்பது வருசம் கப்பல்ல வால்வைத் தொறங்கடா மூடுங்கடான்னு உத்தரவு போட்ட மனுசன், தன் கையால ஒண்ணைத் தொட்டதில்ல. ஆறாம் நாள் எங்கிட்ட சொன்னார், "சேசடிமை, நீங்க இருந்தா ஓடுது, நீங்க போனா நிக்குது." எனக்கு அதக் கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். வீட்டுல நான் இருந்தாலும் ஒண்ணுதான், போனாலும் ஒண்ணுதான். என் பொண்டாட்டி செத்து நாலு வருசம் ஆவுது. மக சிங்கப்பூர்ல. ஒரு மிஷினாவது ஆளைப் பாத்து ஓடுதேன்னு ஒரு இது. அப்படின்னா நான் கொச்சி வரைக்கும் கூட வாரேன் சார்னு சொன்னேன். படுக்க எடம் இல்லைன்னுட்டார்.

இதுக்கெடையில மருந்து கெடக்கூடாதுல்லா. தினம் காலையில தெர்மாகோல் பொட்டியில ஐஸ் வாங்கிட்டுப் போவேன். அந்தம்மா படியிலயே நிப்பாங்க. ஐஸுக்குத்தான் நிக்காங்க, தெரியும். ஆனாலும் ஒரு ஆள் நமக்காகக் காலையில நிக்குறது வேற. மருந்துப் புட்டிய ஒவ்வொண்ணா துணியில சுத்தி உள்ள வைப்பாங்க. ஐஸ் நேரடியாப் பட்டா ஒறஞ்சு மருந்து வீணாப் போயிரும்னு எனக்கே பாடம் எடுத்தாங்க, குளுரு வேலைக்காரனுக்கு.

எட்டாம் நாள் கேப்டன் துறைமுக ஆபீசுல கையெழுத்து போடப் போயிருந்தார். அந்தம்மா உக்காந்து சொன்னாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஃப்ரிட்ஜு சரியாகலன்னா அவங்களைப் பொறந்த வீட்டுக்கு, மாயவரத்துக்கு ரயில் ஏத்தி விட்டுருவாராம். கூலிக்கு ஒரு ஆளை வச்சு அவர் மட்டும் போவாராம். தை மாசக் காத்து போயிட்டா அப்புறம் இந்த வருசம் கிடையாதாம். அவர் சொல்றது நியாயந்தான், மருந்து இல்லாம நடுக்கடல்ல என்ன செய்யிறதுன்னு அவங்களே சொன்னாங்க. பொறவு, "முப்பது வருஷம் கரையில நின்னு கையாட்டியாச்சுண்ணே. இந்த ஒரு தடவையும் ரயில்ல உக்காந்து கையாட்டணும்போல"ன்னாங்க.

அழுவாம சொன்னாங்க பாத்தீங்களா, அதான் எனக்குத் தாங்கல. வெள்ளிக்கு இன்னும் மூணு நாள் கெடக்கும்மா, மாதா மேல ஆணையா நான் பாக்கேன்னு சொன்னேன். அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் மிஷினு பக்கத்துலயே உக்காந்திருந்தேன். ஒரு நிமிசம் நிக்கல. தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கு. சந்தோசமா எறங்கினேன். பலகையத் தூக்கி, வால்வை மூடி, சிலுவை போட்டு, செருப்பு மாட்டி வீட்டுக்கு வந்தேன். சோறு போட்டு உக்காரும்போது போன்.

நீங்க சிரிக்கீங்க. உங்களுக்குப் புரிஞ்சு போச்சு. எனக்குப் புரியல அண்ணாச்சி. கேட்டா நம்ப மாட்டீங்க. கை செய்யிற வேலை மண்டைக்குத் தெரியாது. பூட்டுன வீட்டைப் பூட்டினோமான்னு நீங்க யோசிக்கிறதில்லையா, அந்த மாதிரிதான்.

வியாழக்கெழமை சாயங்காலம். கேப்டன் மேல கயிறு சுத்திக்கிட்டு இருக்கார். நான் கீழ சாமான்களைக் கட்டிட்டு, பலகையத் தூக்கி வால்வை மூடுதேன். அந்தம்மா பக்கத்துல அரிசி டின்னுக்கு எடம் பாத்துக்கிட்டு இருந்தவங்க குனிஞ்சு பாத்தாங்க.

"அண்ணே, இத எதுக்கு மூடுறீங்க?"

"கடைசியா எறங்குற ஆள் மூடணும்மா. ஆள் இல்லாத படகுல அடி வால்வு தொறந்து கெடக்கப்படாது."

அவங்க என்னையப் பாத்தாங்க. பொறவு அடுப்பைப் பாத்தாங்க. அதுல சாம்பார் கொதிச்சுக்கிட்டு இருக்கு. மேல கேப்டன் நடக்குற சத்தம் கேக்குது.

"கடைசி ஆள் நீங்க இல்லையேண்ணே. நாங்க ரெண்டு பேரும் இங்கதான இருக்கோம்."

அவ்வளவுதான் சொன்னாங்க. நான் வால்வுல கைய வச்ச மேனிக்கே உக்காந்திருக்கேன். பத்து நாளா அந்தப் படகுலதான் அவுக சமைக்காங்க, தூங்குறாங்க, துணி காயப் போடுறாங்க. எனக்குக் காப்பி போட்டதே அந்த அடுப்புலதான். ஆனா எறங்கும்போது என் கைக்கு அது ஆள் இல்லாத படகு. என் மச்சானோட படகு.

கெட்டிக்காரங்க அண்ணாச்சி, அவங்க கேப்டனைக் கூப்புடல. கூப்புட்டு இந்த மெக்கானிக்கு செஞ்ச வேலையப் பாருங்கன்னு சொல்லியிருக்கலாம், நியாயந்தான். நான் வால்வைத் தொறந்தேன், அவங்க பலகையப் போட்டாங்க. மேல ஏறிப் போயி, "ஏங்க, சேசடிமை அண்ணன் கோளாறு எங்கன்னு கண்டுபிடிச்சிட்டார்"னு சொன்னாங்க. கேப்டன் கையக் குடுத்தார். நானும் வாங்கிக்கிட்டேன். கண்டுபிடிச்சாச்சுங்கறது உண்மைதான? யாரு கண்டுபிடிச்சாங்கறது சின்ன விசயம். என்ன கோளாறுன்னு கேட்டார். தண்ணி வர்ற வழியில ஒரு அடைப்பு சார்னேன். அதுவும் உண்மைதான்.

அன்னைக்கு சாயங்காலம் போன் வரல. ஒம்பது மணி வரைக்கும் போனைக் கையிலயே வச்சிருந்தேன். வரல. சந்தோசப்படணும்ல? பட்டேன். கொஞ்சம் ஒரு மாதிரியாவும் இருந்துச்சு, மறைக்கல.

வெள்ளி போயி சனிக்கெழமை கெளம்புறதுன்னு முடிவாச்சு. அதாவது இன்னைக்குக் காலையில எட்டு மணிக்கு. நேத்து சாயங்காலம் கடைசியா ஒருக்கா பாத்துட்டு வருவோம்னு போனேன். தேவையில்லதான். குழாய்ல ஒரு கிளிப்பு பழசு, அத மாத்தணும்னு ஒரு காரணம் வச்சுக்கிட்டேன். பாத்தேன், எல்லாம் ஓடுது. ஃப்ரிட்ஜைத் தொறந்து காட்டினாங்க, மருந்துப் புட்டியெல்லாம் வரிசையா நிக்கி, பக்கத்துல ரெண்டு முருங்கைக்காய். எறங்கலாம்னு எந்திரிச்சேன். பாத்தா, என் கை பலகையத் தூக்கிட்டு. இன்னொரு கை வால்வு மேல இருக்கு. வேண்டாம்லேன்னு சொல்லி கைய எடுத்தேன். பலகையப் போட்டுட்டு படி வரைக்கும் வந்தேன். திரும்பிப் போயி மறுபடியும் தூக்கிட்டேன்.

எனக்குப் பயம் வந்துட்டு. இந்தக் கைய நம்பி எறங்க முடியாது. மூடிட்டு எறங்கிட்டேன்னா ராத்திரிக்குள்ள மறுபடியும் ஃப்ரிட்ஜு நிக்கும், இது வேலைக்காவாதுன்னு கேப்டன் சொல்லிருவார், அந்தம்மா ரயில் ஏறணும். என்ன செஞ்சேன்? வால்வோட கைப்பிடி ஒரு நட்டுலதான் நிக்கி. நட்டைக் கழட்டினேன், கைப்பிடிய உருவினேன், சட்டைப் பையில போட்டேன். இப்ப மூடு பாப்போம்னு கைகிட்டச் சொல்லிட்டு எறங்கினேன். ஒருத்தர்கிட்டயும் சொல்லல. எப்படிச் சொல்ல? என் கை எம்பேச்சைக் கேக்க மாட்டேங்குதுன்னா? காலையில ஏழு மணிக்குப் போயி, இந்தக் கூத்துல மாத்த மறந்த கிளிப்பையும் மாத்தி, கைப்பிடியையும் மாட்டிட்டு வழியனுப்புவோம், எட்டு மணிக்குத்தான கெளம்புறாங்கன்னு நெனைச்சேன்.

ஏழுக்குப் போனேன். ஐஸ்கூட வாங்கிட்டுப் போனேன், பழக்கத்துல. படகு கட்டுன எடத்துல தண்ணி மட்டும் கெடக்கு. காத்து நல்லா இருக்குன்னு அஞ்சரைக்கே பாய விரிச்சுட்டாங்களாம். காவக்காரன் சொன்னான், அந்தம்மா பின்னாடி நின்னு கரையப் பாத்து ரொம்ப நேரம் கையாட்டினாங்களாம். கரையில யாரு இருந்தான்னு கேட்டேன். நாயிதான் இருந்துச்சுன்னான்.

இந்தா, இதான். சிவப்பு உறை போட்டது. ஒரு சாண்கூட இருக்காது. பாருங்க, ஆனா கையில வாங்காதீங்க.

இது இல்லன்னா வால்வை மூட முடியாது. மூட வேண்டிய தேவை வராதுதான். குழாய் உருவிக்கிட்டாத்தான் வரும். உருவாது, ரெண்டு கிளிப்பு போட்டிருக்கேன். ஒண்ணு புதுசு. இன்னொண்ணுக்கு வாங்கினது என் டவுசர் பையில இருக்கு. உருவினா நிமிசத்துக்கு ரெண்டு குடம் தண்ணி உள்ள வரும். கேப்டன் குனிஞ்சு பாப்பார், கைப்பிடி இருக்காது. ஸ்பேனரை வச்சுத் திருப்பலாம், திருப்பினா மூடிரும். ஸ்பேனர் டூல் பெட்டியில இருக்கு. டூல் பெட்டிய அரிசி டின்னுக்கு அடியில நான்தான் வச்சேன்.

போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு அப்பால்ங்குது. துறைமுக ஆபீசுல சொன்னா வயர்லெஸ்ல கூப்புட்டுச் சொல்லுவாங்க. வாசல் வரைக்கும் போனேன். சொன்னா கைப்பிடி உங்கிட்ட எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. சேசடிமை வால்வுல மறுபடியும் ஒண்ணு பண்ணிட்டான்னு மத்தியானத்துக்குள்ள ஊரு பூராம் தெரிஞ்சு போவும். மச்சானுக்கும் தெரியும். திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். நாளைக்கு விடிய விழிஞ்ஞத்துல நங்கூரம் போடுறதாச் சொன்னாங்க. நான் இன்னைக்கு சாயங்காலமே போயி கரையில உக்காந்துருவேன். படகு வந்ததும் ஏறி, யாருக்கும் தெரியாம கைப்பிடிய மாட்டிட்டு வந்துரலாம்.

என்ன சொல்லுதீங்க? ஆமா. தெரியும். ஆபீசுல சொல்லியிருக்கணும். நீங்க சொல்லாட்டாலும் தெரியும்.

திருச்செந்தூர் வந்துட்டா? எத்தனை நிமிசம் நிக்கும்? இங்க ஒரு மெரைன் போலீஸ் ஸ்டேசன் இருக்குல்லா, அவங்ககிட்டயும் வயர்லெஸ் இருக்கும். தூத்துக்குடி ஆளுதான் அங்கயும் இருப்பான், எல்லாம் ஒரே வாயிதான்.

இருக்கட்டும், போயிச் சொல்லிருதேன். எந்திரிங்க, வழி விடுங்க. ஜன்னலை நீங்களே வச்சுக்கிடுங்க.

அந்தம்மா நல்ல மனசுல சொன்னாங்க, கடைசி ஆள் நீங்க இல்லன்னு. அவங்களுக்குத் தெரியாது. இது என் பையில இருக்குற வரைக்கும், அந்தப் படகவிட்டுக் கடைசியா எறங்குன ஆள் நான்தான்.